மூன்றாவது கோட்டையின் சுவர்

சுவரில் அந்த ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தது.

அவன் அதைத் தேடிப் போய்த் தொடவில்லை. ஷூ லேஸ் அவிழ்ந்து, பனியில் நனைந்து விறைத்துப் போயிருந்தது. கையுறையோடு முடிச்சுப் போட வரவில்லை. அதைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து கட்டினான். எழுந்திருக்கும்போது தடுமாறாமலிருக்கச் சுவரில் கை ஊன்றினான். காலையிலிருந்து அவன் தொட்ட கல்லெல்லாம் உள்ளங்கைத் தோலைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்கிற குளிர். இந்தக் கல் அப்படி இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு சூடு தெரியுமே, அது.

"இங்க வா, இதைத் தொட்டுப் பாரு," என்று முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

அவள் திரும்பி வந்து, வெறுங்கையை வைத்துப் பார்த்தாள். "சில்லுன்னுதானே இருக்கு? உங்களுக்குக் கை மரத்துப் போச்சு. கையுறையைப் போடுங்க முதல்ல."

"அத்தான் எங்க போனாலும் ஒயர் எங்க ஓடுது, பைப் எங்க ஓடுதுன்னுதான் பாப்பாரு," என்றான் அவளுடைய தம்பி. "விடுக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல கோட்டைக்கே ஒரு லிஃப்ட் மாட்டிக் குடுத்துடுவாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான நாள் முதல் குடும்பத்தோடு முழுசாக ஒரு நாள் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை என்று அவன் மனைவி சொல்லிக் காட்டுவாள், அதில் பெரிய பொய்யும் இல்லை. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் நடு மாடியில் மாட்டிக்கொண்டாலும் அவன் போன்தான் அடிக்கும். சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடுவான். குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது, சத்தம் இருக்காது, மலை உச்சியில் வரிசையாக மூன்று கோட்டை, காலையில் வேனில் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு என்று மச்சான் ஏற்பாடு செய்த பயணம் இது. வேலை போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது மனைவி போட்ட நிபந்தனை. வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

முதல் கோட்டையில் இரும்புக் கவசங்களும் ஈட்டிகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. இரண்டாவதில் சூடாகக் குடிக்க ஒரு கடை இருந்தது. மச்சான் அங்கேயே குடித்தனம் பண்ணத் தயாராக இருந்தான். இந்த மூன்றாவதில் எதுவும் இல்லை. பாதி இடிந்த வாசல், பனி மூடிய முற்றம், கடைசியில் ஒற்றைக் கோபுரம். முற்றத்திலிருந்து கோபுரத்துக்குப் போக ஒரே வழி, வெளிமதிலின் தடிமனுக்குள்ளேயே குடைந்த இந்த நடைவழி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வழி விட வேண்டும். மேலே கல் கூரை. ஆங்காங்கே ஒரு விரிசல் வழியாக வந்த வெளிச்சமும் கலங்கல் தண்ணீர் போலிருந்தது.

"நீங்க போங்க, நான் வர்றேன்," என்றான்.

அவர்கள் கோபுரப் படியில் ஏறும் சத்தம், மச்சானின் சிரிப்பு, மனைவி "டேய், மெதுவாப் போடா" என்பது, எல்லாம் சுற்றிச் சுற்றி மேலே போய்த் தேய்ந்தது. அவன் நின்றான். அவனை நிறுத்தியது சூடு மட்டுமல்ல. ஒரு வாசனை. ஈரக் கல், பாசி, பழைய பனி இவற்றுக்கெல்லாம் அடியில், மெலிதாக, அவனுக்கு ரொம்பப் பழக்கமான ஒன்று. மாட்டிக்கொண்ட லிஃப்டின் கதவை நெம்பி, விரல் நுழையும் அளவுக்குத் திறந்ததும் முதலில் வெளியே வருவது மனிதர்களல்ல, இந்த வாசனைதான். விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்த காற்று. கம்பளித் துணியில் ஊறிய வியர்வை. பயம்.

மூக்கைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனான். கல்லும் கல்லும் சேர்கிற இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து முடியளவுக்கு இடைவெளி. அங்கிருந்துதான் வந்தது.

அப்போது தட்டினார்கள்.

டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

மாட்டிக்கொண்டவர்கள் முதலில் விரல் முட்டியால் தட்டுவார்கள். முட்டி வலிக்க ஆரம்பித்த பிறகு முஷ்டியால். அதுவும் முடியாமல் போனதும் உள்ளங்கையின் அடிப்பாகத்தால், மொத்தையாக, நம்பிக்கை இல்லாமல், பழக்கத்துக்காகத் தட்டுவார்கள். சத்தத்தைக் கேட்டே எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறார்கள் என்று அவன் சொல்லிவிடுவான். இந்தத் தட்டலைக் கேட்டு அவனால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு களைத்துப்போன கையை அவன் கேட்டதே இல்லை.

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். ஆனால் கை யோசிக்கவில்லை, பதிலுக்குத் தட்டியது. வாய் யோசிக்கவில்லை, எத்தனையோ கதவுகளுக்கு வெளியே நின்று எத்தனையோ பேருக்குச் சொன்னதைச் சொன்னது.

"பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன். உங்கள வெளிய எடுக்காம போக மாட்டேன்."

தட்டல் நின்றது.

பிறகு, கல்லின் அந்தப் பக்கத்தில், யாரோ வெகுகாலமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது போல ஒரு சத்தம். இடைவெளி வழியாக அந்தச் சூடு அவன் கன்னத்தில் பட்டது.

அவனுக்கே சிரிப்பு வந்தது. காற்றுதான். மச்சான் பார்த்திருந்தால் வருஷம் பூராவும் சொல்லிக் கேலி செய்திருப்பான். இருந்தாலும் அடுத்ததாக எப்போதும் கேட்கிற கேள்வியையும் கேட்டுவிட்டான். பாதி விளையாட்டாகத்தான்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

காதருகே ஒரு தட்டல். அடுத்தது அவன் முழங்கால் உயரத்தில். அடுத்தது தலைக்கு மேலே. பிறகு அவனுக்கு இடப்பக்கம், இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, கோபுரம் வரைக்கும். வலப்பக்கம், முற்றத்து வாசல் வரைக்கும். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொள்வது போல மதில் முழுக்க, நீளத்துக்கும் உயரத்துக்கும், மொத்தையான உள்ளங்கைகள்.

முற்றத்துக்கு எப்படி வந்தான் என்று தெரியாது. வந்து, பனியில் குனிந்து, முழங்காலில் கை வைத்து மூச்சு வாங்கினான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

மூடுபனி மலைச் சரிவிலிருந்து ஏறி, முற்றத்தின் பாதியை விழுங்கியிருந்தது. பிற்பகல்தான், அதற்குள் வெளிச்சம் கிளம்பத் தயாராகிவிட்டது. வாசல் பக்கத்து மரக்கூண்டில், டிக்கெட் கிழிக்கிற அம்மாள் மூக்கு வரைக்கும் சால்வையைச் சுற்றிக்கொண்டு சாவிக்கொத்தைக் கையில் எடுத்திருந்தார். தடித்த, நிதானமான பெண்மணி. காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த வியாபாரம் இவர்கள் மட்டும்தான் போலிருந்தது.

"ஏங்க, அந்த நடைவழிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? ரூம் ஏதாவது?"

"ரூமா? அதுக்கு அந்தப் பக்கம் ஆகாசம்தான் சார். செங்குத்தா இறங்குது. கீழ ரோட்டுல உங்க வேன் நிக்குது, அவ்வளவுதான்." சாவியைத் தேடிக்கொண்டே, மழை பெய்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டார். "ஏன், தட்டுச்சா?"

அவன் திரும்பி நடைவழியின் வாயைப் பார்த்தான்.

"குளிர்ல கல்லு சுருங்கும், சத்தம் வரத்தான் செய்யும். இங்க வர்றவங்க பாதிப் பேருக்குக் கேக்கும். பேசாம போயிடுவாங்க." சாவி கிடைத்துவிட்டது. தலையை நிமிர்த்தினார். "நீங்க ஒண்ணும் பதில் சொல்லலையே?"

"இல்லங்க."

ஏன் பொய் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையுறை இல்லாத கையைப் பார்த்தார்.

"சரி. மேல இருக்கறவங்களக் கூட்டிட்டு வந்துடுங்க. வெளிச்சம் இருக்கறப்பவே நான் பூட்டணும்."

"நீங்களும் கொஞ்சம் வர்றீங்களா?"

"நான் அதுக்குள்ள வர்றதில்ல சார்," என்றார் அவர். வேறு விளக்கம் இல்லை.

முற்றத்தில் நின்றே கூப்பிட்டுப் பார்த்தான். கை இரண்டையும் வாயில் குவித்துக் கத்தினான். மூடுபனி அதைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டது. கோபுரத்தின் தலையே தெரியவில்லை. வேலை போன்தான் வீட்டில் இருந்தது; கோட்டுப் பையிலிருந்த சொந்தப் போனில் மனைவியைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மச்சானுக்குச் செய்தான், அதுவும் அப்படித்தான். மேலே காற்று பலமாக இருக்கும், கேட்டிருக்காது. அவர்களாக இறங்கி வரும் வரை காத்திருக்கலாம். ஆனால் இறங்கி வருவதானால் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அந்தச் சுவரை உரசிக்கொண்டு. அவள் வெறுங்கையோடு.

உள்ளே போனான்.

எதையும் தொடாமல், நடுவாக, வேகமாக நடந்தான். மனதுக்குள் வேலைக் கணக்குப் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை மருத்துவமனைக் கட்டடத்துக் கேபிள், அப்புறம் கதவு ரோலர். தட்டல் வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று தோள்கள் காதோடு ஒட்டிக்கொண்டன. வரவில்லை. மதில் முழுக்க மூச்சுப் பேச்சில்லை. கூட்டம் நிறைந்த அறைக்குள் ஒருவன் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்களே, அந்த அமைதி.

கோட்டின் வலது தோள் சுவரில் உரசியது. கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தான். இடது தோள் உரசியது. வரும்போது இவ்வளவு நெருக்கமாகவா இருந்தது? மூன்று பேரும் தாராளமாகத்தானே நடந்தார்கள்? தடித்த கோட்டு, உள்ளே ஸ்வெட்டர், பயத்தில் இப்படித்தான் தோன்றும். நெருக்கமான இடத்தில் எல்லோருக்கும் சுவர் நகர்கிற மாதிரி இருக்கும், அதெல்லாம் மனசு, மூச்சை மெதுவாக விடுங்கள் என்று எத்தனை பேருக்கு அவனே சொல்லியிருக்கிறான். மூச்சை மெதுவாக விட்டான். விட்ட மூச்சு எதிர்ச் சுவரில் பட்டு அவன் முகத்துக்கே திரும்பியது.

முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. கோபுரப் படிக்கட்டு. அங்கே போய்விட்டால் போதும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, வயிற்றை எக்கி, நண்டு மாதிரி நகர்ந்தான். முதுகில் கல். மூக்கு நுனியில் கல். கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. அது தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வெளிச்சத்தை எட்டினான்.

படிக்கட்டு இல்லை. வெளிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெடும் பிளவு. அம்பு எய்வதற்காக விட்டது. அதன் வழியாகக் குளிர்காற்றும், மூடுபனியும், கீழே வெகு தூரத்தில் வளைந்து போகிற ரோடும். முதலில் வந்தபோது இதைப் பார்க்கவில்லை. இந்த நடைவழியில் இப்படி ஒன்று இல்லவே இல்லை.

திரும்பினான். வந்த வழியில் கையை நீட்டினான்.

கல்.

இன்னொரு தடவை தடவினான். மேலே, கீழே, மூலையில். நகம் நுழைகிற இடைவெளி கூட இல்லை. அவன் வந்த வழியில் சுவர் இருந்தது. பல நூறு வருஷமாக இருந்த சுவர். பாசி படிந்திருந்தது.

பதறக் கூடாது. பதறினால் காற்று சீக்கிரம் தீரும். இங்கே காற்று இருக்கிறது, பிளவு இருக்கிறது. போன் இருக்கிறது. பதறக் கூடாது.

அப்போது மச்சானின் சிரிப்புக் கேட்டது.

பக்கத்தில். மிகப் பக்கத்தில். மூக்குக்கு எதிரே இருந்த கல்லுக்கு அந்தப் பக்கம். படியிறங்கி வருகிற காலடிகள், மனைவியின் ஷூ, அதன் ஒரு குதிகால் மட்டும் லேசாக இழுக்கும், அந்தச் சத்தம்.

"இங்கதானே நின்னாரு? எங்க போனாரு இந்த மனுஷன்?"

"குளிர் தாங்காம வண்டிக்கு ஓடியிருப்பாருக்கா."

"ஏய்!" என்று கத்தினான். "இங்க இருக்கேன்! இந்தச் சுவத்துக்குள்ள! ஏய்!" நெற்றியால் கல்லை முட்டினான். கையை மடக்கி இழுத்துக் குத்த இடமில்லை; உள்ளங்கையை மட்டும்தான் வைத்து அடிக்க முடிந்தது. அவர்கள் பேச்சு ஓர் எழுத்துக் கூடப் பிசகாமல் இவனுக்குக் கேட்டது. அவர்கள் நிற்கவில்லை.

போன். கோட்டுப் பையில் கை நுழைய இடம் போதவில்லை. தோளைக் குறுக்கி, எலும்பு கல்லில் நெரிய, இரண்டு விரலால் இழுத்து எடுத்தான். அழைத்தான். சுவருக்கு அப்பால் அவள் போன் மணி அடித்தது. நல்ல வேளை. கடவுளே. காலடிகள் நின்றன.

"ஹலோ? எங்க இருக்கீங்க?"

"நான் உள்ள மாட்டிக்கிட்டேன். நீ நிக்கிற இடத்துக்கு நேரா, சுவத்துக்குப் பின்னால. அந்தம்மாவக் கூப்பிடு. ஆளுங்களக் கூப்பிடு. போயிடாத. கேக்குதா? போயிடாத!"

ஒரு கணம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓ, அப்படியா," என்றாள். குரலில் சிரிப்பு. "சரி சரி. கிளம்பணும்னா கிளம்பிடலாம். நாங்களும் வந்துட்டோம். வண்டிக்குள்ள ஏறி உக்காருங்க, வெளிய நிக்காதீங்க."

"இல்ல! இல்லம்மா! நான் உள்ள இருக்கேன்!"

"வச்சுடறேன், கை விறைக்குது."

காலடிகள் நகர்ந்தன. இழுக்கிற குதிகால். மச்சான் ஏதோ சொன்னான். அவள் ஏதோ சொன்னாள். தூரத்தில் இரும்புக் கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது.

கத்தினான். குரல் கட்டும் வரை. மறுபடியும் அழைத்தான். போனில் இப்போது ஒரு சத்தமும் இல்லை; மணி கூட இல்லை.

பிளவில் ஒரு கண்ணை வைத்தான். அந்த அளவுக்குத்தான் தலை போயிற்று. மூடுபனி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கீழே ரோட்டில் வேனின் விளக்குகள் எரிந்தன. கதவுப் பக்கம் ஓர் ஆள் நின்றான். இவன் உயரம். இவன் கோட்டின் அதே நிறத்தில் ஒரு கோட்டு. வேனுக்குள் ஏறாமல், கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்து, வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறந்திருந்தது.

வளைவிலிருந்து மனைவி வந்தாள். பின்னாலேயே மச்சான். அவள் நேராக அந்த ஆளிடம் போனாள். ஏதோ சொல்லித் திட்டினாள் போலிருந்தது. தன் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து அவன் கழுத்தில் சுற்றி, காதை மூடி, முடிச்சுப் போட்டாள். அவன் அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் குனிந்து பார்த்தான், அவள் கையை. பிறகு பக்கவாட்டில், நண்டு மாதிரி, வேன் கதவுக்குள் நுழைந்தான்.

கதவு மூடியது.

விளக்குகள் வளைவில் திரும்பின. ஒரு மரத்துக்குப் பின்னால் போய், மறுபடி தெரிந்து, பிறகு தெரியவில்லை.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பிளவு சாம்பலாகி, நீலமாகி, கறுத்தது. அவன் அழவில்லை. மூச்சை எண்ணினான். உள்ளே. வெளியே. உள்ளே.

அவன் மூச்சு மட்டுமில்லை.

இடது பக்கத்தில். அவன் போய்ப் பார்க்காத பக்கம்.

நிறுத்தினான். அதுவும் நின்றது. விட்டான். அதுவும் விட்டது. சூடாக. காதுமடலில்.

தலையைத் திருப்ப இடமில்லை. கன்னத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டுதான் திருப்ப முடிந்தது. தோல் உரிந்தது. போனை மார்போடு நகர்த்தி, கட்டை விரலால் விளக்கைப் போட்டான்.

அவன் மாதிரியே பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். முதுகில் கல், முகத்தில் கல். ஒருவர் தோளுக்குப் பின் ஒருவர் தோள். விளக்கு போகிற தூரம் வரைக்கும், அது போகாத தூரத்திலும். ஆண்கள். பெண்கள். எந்தக் காலத்து உடுப்பு என்று தெரியாதபடி சுண்ணாம்பு பூத்த துணிகள். கன்னங்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பியிருந்தன. எல்லாக் கண்களும் அந்த வெளிச்சத்தில் கூசி இடுங்கின.

அவனை ஒட்டி நின்றவள் அவனைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அவன் இடுக்கி வைத்திருந்த தோளைப் பார்த்தாள்.

பிறகு, நெரிசலான பஸ்ஸில் புதிதாக ஏறியவருக்குச் செய்வது போல, அவன் வசதியாக நிற்கட்டும் என்று, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவளுக்காக அடுத்தவர் நகர்ந்தார். அவருக்காக அதற்கடுத்தவர். தோள்கள் கல்லில் உரசுகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக மதிலுக்குள் போய்க்கொண்டே இருந்தது, விளக்கு எட்டாத இடத்துக்கு, அதற்கும் அப்பால், நிற்காமல்.